பொம்மைப் பல்லியும் புராணப் பாம்பும்

வித்தை காட்டுபவன் குற்றவாளி அல்லன். கைத்திறனைக் கைத்திறன் என்று சொல்லிக் காசு கேட்பவன் கலைஞன். அதே கைத்திறனைக் கடவுள் அருள் என்று சொல்லிக் காணிக்கை கேட்பவனே குற்றவாளி. இந்த ஒரு வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு இரண்டு ஊமைப்படங்களை அளந்து பார்க்க முனைகிறோம். ஒன்று, 1925-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘மறைந்த உலகம்’. ஆங்கிலத்தில் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’. மற்றொன்று, அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1919-ல், நம் நாட்டில் தாதாசாகிப் பால்கே எடுத்த ‘காளிய மர்த்தனம்’.

முன்னதிலே பல்லி, பின்னதிலே பாம்பு. இரண்டும் மனிதன் செய்த பொம்மைகளே. ஆனால் ஒரு பொம்மை மக்களைப் பார்த்து, “நான் எப்படி ஆக்கப்பட்டேன், கண்டுபிடி பார்க்கலாம்!” என்று அறைகூவிற்று. மற்றொரு பொம்மையோ, “என் தலைமேல் நின்றாடுபவனைக் கைகூப்பித் தொழு!” என்றது. முன்னது மூளையைத் தட்டி எழுப்பிற்று. பின்னது முதுகை வளைக்கச் சொல்லிற்று.

“பொழுதுபோக்குப் படங்களுக்கு இத்தனை ஆராய்ச்சியா?” என்று கேட்பார் உளர். திரைப்படம் ஆட்சியையே ஆக்கிய நாடு தமிழ்நாடு. கோயிலுக்குப் போகாதவனும் கொட்டகைக்குப் போனான். கொட்டகையின் இருட்டிலே விதைக்கப்பட்டது, வெளியே வந்தபின் வெளிச்சத்திலே முளைத்தது. விதை எது, பதர் எது என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

வித்தைக்காரர்கள் வியந்த இரவு

1922-ம் ஆண்டு சூன் 2-ம் நாள். நியூயார்க் நகரிலே அமெரிக்க வித்தைக்காரர் சங்கத்தின் விருந்து. சங்கத்தின் தலைவர், உலகப் புகழ் பெற்ற ஹூடினி. பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து வெளிவருவதிலே வல்லவர். ஆவியை அழைத்துக் காட்டுவதாகச் சொல்லி ஊரை ஏய்த்தவர்களின் புரட்டை மேடை ஏறி வெளிப்படுத்திய வீரர். விருந்தினர், துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் சர் ஆர்தர் கானன் டாயில்.

ஏய்ப்பதையே தொழிலாகக் கொண்ட அந்த அவையிலே டாயில் ஒரு படச்சுருளை ஓட்டிக் காட்டினார். திரையிலே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன டைனோசர்கள் நடந்தன, மேய்ந்தன, ஒன்றன் கழுத்தை ஒன்று கவ்விப் போரிட்டன. இவை உண்மையா, பொய்யா என்ற வினாவுக்கு விடை கூற மறுத்துவிட்டார் டாயில். மறுநாள் நியூயார்க் செய்தித்தாள் அதை வியந்து எழுதிற்று. அதன்பின், ஹூடினிக்கு எழுதிய கடிதத்திலே உண்மையை உடைத்தார் டாயில். அவர் 1912-ல் எழுதிய கதையைப் படமாக்கும் முயற்சியில், வில்லிஸ் ஓ’பிரையன் என்ற கலைஞர் பொம்மைகளைக் கொண்டு எடுத்த காட்சிகள் அவை. மூன்று ஆண்டு கழித்து முழுப்படமாக வெளிவந்ததே ‘மறைந்த உலகம்’.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கையினும் மேலாக ஒரு பாடம் உண்டு. வித்தைக்காரர்களையே வியக்கவைத்த இதே டாயில், அதே 1922-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தேவதைகள் உண்மையாகவே இருக்கின்றன, இதோ புகைப்படச் சான்று என்று வாதாடிய புத்தகம்! இங்கிலாந்தில் காட்டிங்லி என்னும் ஊரிலே இரு சிறுமிகள், தாளிலே வரைந்த உருவங்களை வெட்டி, தொப்பி ஊசியால் புல்லிலே குத்தி நிறுத்தி எடுத்த படங்கள் அவை. அவர்கள் கிழவிகளான பின், 1983-ல், சூழ்ச்சியை ஒப்புக்கொண்டனர். டாயில் மருத்துவம் பயின்றவர். சிகரெட்டுச் சாம்பலைக் கண்டு கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் துப்பறிவாளனைப் படைத்தவர். அத்தகையவரைத் தாள் பொம்மை ஏமாற்றிவிட்டது! அத்துடன் நின்றாரா? ‘மறைந்த உலகம்’ கதையின் நாயகரான பேராசிரியர் சேலஞ்சர், சான்றில்லாத எதையும் ஏற்காத முரட்டு அறிவியலாளர். 1926-ல் எழுதிய மற்றொரு கதையிலே அந்தச் சேலஞ்சரையே ஆவி நம்பிக்கைக்கு ஆளாக்கிவிட்டார்!

படிப்பு மட்டுமே பகுத்தறிவைத் தந்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பட்டம் பெற்று வந்து பஞ்சாங்கம் பார்க்கும் நண்பர்கள் நம்மிடையே எத்தனை பேர்! தான் விரும்புவதை மனிதன் எளிதில் நம்புகிறான். முதல் உலகப் போர்க் காலத்தில் மகனைப் பறிகொடுத்த தந்தை அவர். இறந்தோர் எங்கோ இருக்கின்றனர் என்று நம்ப விரும்பினார். துயரத்தை நாம் எள்ளவில்லை. துயரம் சான்று ஆகாது என்றே சொல்கிறோம்.

ஒரு நொடிக்குப் பதினாறு

இனி, அந்தப் பொம்மைகள் உயிர்பெற்ற முறையைக் காண்போம். ஊமைப்பட நாளிலே ஒரு நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் வீதம் சுருள் ஓடிற்று. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே உள்ள சிறு மாறுதலைக் கண் இணைத்துக்கொள்கிறது. மனம் அதை இயக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. ஓ’பிரையன் செய்தது இதுதான்: பொம்மையை நிறுத்தி ஒரு படம் எடுப்பார், காலை இம்மி அளவு நகர்த்துவார், வாலைச் சற்றே வளைப்பார், மீண்டும் ஒரு படம் எடுப்பார். ஒரு நிமிடக் காட்சிக்கு 960 முறை! ஒரு விரல் தவறிப் பட்டாலும் உழைத்ததெல்லாம் பாழ்.

பொம்மைகளைச் செய்தவர் மார்செல் டெல்காடோ. மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. மளிகைக் கடையிலே வேலை பார்த்துக்கொண்டே கலை பயின்றவர். மூட்டுகளுடன் கூடிய உலோக எலும்புக்கூட்டை முதலில் அமைத்தார். அதன்மேல் பஞ்சுபோன்ற பொருளால் தசை வைத்தார். அதன்மேல் இரப்பர் தோல் போர்த்தினார். உள்ளே காற்றுப்பை ஒன்றை வைத்து, அதை ஊதியும் இறக்கியும் விலங்கு மூச்சு விடுவது போலவும் காட்டினார்கள். மந்திரம் ஏதும் இல்லை. எந்திரமும் எண்ணமும் உழைப்புமே இருந்தன.

உருவங்கள் எங்கிருந்து வந்தன? கனவிலிருந்து வரவில்லை, அசரீரி சொல்லியும் வரவில்லை. பூமியைத் தோண்டி எடுத்த எலும்புகளைக் காட்சிச்சாலைகளிலே பொருத்தி நிறுத்தினார்கள் அறிஞர்கள். அந்த எலும்புகளைப் பார்த்துத் தசையும் தோலும் எப்படி இருந்திருக்கும் என்று தீட்டினார் சார்லசு நைட் என்ற ஓவியர். அந்த ஓவியங்களைப் பார்த்து எழுந்தவை டெல்காடோவின் பொம்மைகள். எலும்பு, ஓவியம், பொம்மை, இயக்கம் என்று இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் எவரும் தட்டிப் பார்க்கலாம். இதற்கு முன்பே, 1914-ல், வின்சர் மெக்கே என்பவர் ஏறத்தாழ பத்தாயிரம் கோட்டோவியங்களால் ‘கெர்ட்டி’ என்ற டைனோசரை ஆட வைத்தார். அந்தப் படமும் காட்சிச்சாலையிலே நிற்கும் எலும்புக்கூட்டின் முன்னேதான் தொடங்குகிறது. சான்றைக் காட்டிவிட்டுக் கற்பனையைத் தொடங்கும் நேர்மை அது.

போற்றுதலும் தூற்றுதலும்

‘மறைந்த உலகம்’ படத்திலே போற்றத்தக்கவை பல. தன் கன்றைக் காக்கக் கொம்பைத் தாழ்த்தி நிற்கும் மூன்று கொம்பு விலங்கும், எரிமலை வெடித்ததும் கூட்டங்கூட்டமாக ஓடும் விலங்குகளும், குன்றின் விளிம்பிலே மல்லுக்கு நிற்கும் இரு பேருயிர்களும் இன்று பார்க்கையிலும் சலிக்கவில்லை. காரணம், ஓ’பிரையன் அவற்றை வெறும் அச்சுறுத்தும் உருவங்களாக ஆக்கவில்லை. அவை பசிக்கின்றன, களைக்கின்றன, வாலைச் சுழற்றி எரிச்சலைக் காட்டுகின்றன. விலங்கை விலங்காகக் காட்டினார்; அரக்கனாகக் காட்டவில்லை. நம் புராணங்கள் வேற்றினத்தானை எல்லாம் அரக்கனாக்கிய கதையை அறிந்த நமக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புலப்படும்.

இறுதியிலே, பிடித்துக்கொண்டு வந்த புரோண்டோசாரஸ் என்னும் பேருயிர் இலண்டன் தெருக்களிலே தப்பி ஓடுகிறது. அதன் பாரம் தாங்காமல் தேம்சு ஆற்றின் பாலம் இடிகிறது. விலங்கு நீந்திக் கடலை நோக்கிப் போகிறது. உலகத்தையே கூண்டில் அடைத்துக் காட்சி வைத்த ஏகாதிபத்தியத்தின் தலைநகரத்தை, கூண்டுக்கு அடங்காத ஓர் உயிர் குலுக்கிவிட்டுப் போகிற காட்சி அது. படம் எடுத்தவர்கள் அவ்வாறு எண்ணி எடுத்தார்களோ, இல்லையோ, அடிமைப்பட்டிருந்த நாட்டார் நாம் அவ்வாறு பார்ப்பதைத் தடுப்பார் யார்?

தூற்ற வேண்டியதையும் தயங்காமல் தூற்றுவோம். இந்தப் படத்தில் சாம்போ என்று ஒரு கறுப்பினப் பணியாள் வருகிறான். நடித்தவர் வெள்ளையர்; முகத்திலே கரியைப் பூசிக்கொண்டு, அசட்டுத்தனத்தை எல்லாம் கறுப்பின் தலையிலே ஏற்றி நடித்தார். டைனோசரின் தோலிலே ஒரு சுருக்கம் தவறிவிடக் கூடாதென்று மாதக்கணக்கில் பாடுபட்டவர்கள், வாழும் மனிதனைப் பற்றிய உண்மையைக் காட்ட ஒரு கணமும் பாடுபடவில்லை. அழிந்துபோன விலங்குக்குக் கிடைத்த மதிப்பு, உயிரோடிருந்த கறுப்பு மனிதனுக்குக் கிடைக்கவில்லை. அறிவியல் பேசும் படத்திலும் நிறவெறி நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை மறவாதீர்கள்.

அறிவியலிலும் பிழை உண்டு. புரோண்டோசாரஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன். மூன்று கொம்புள்ள டிரைசெராடாப்ஸ் வாழ்ந்ததோ 6 கோடியே 60 லட்சம் முதல் 6 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள காலம், டிரைசெராடாப்சுக்கும் நமக்கும் இடையே உள்ள காலத்தினும் பெரிது. படமோ இரண்டையும் ஒரே புல்வெளியிலே மேயவிட்டது. வாலைத் தரையிலே இழுத்துக்கொண்டு நடப்பதாகக் காட்டியதையும் பின்வந்த ஆய்வு தவறென்று காட்டிற்று. ஆனால் இந்தப் பிழைகளைச் சுட்டிக் காட்டியதற்காக எவரும் எவரையும் மதவிரோதி என்று தூற்றவில்லை. பிழையைக் காட்டினால் நன்றி சொல்லும் துறை அறிவியல்; பிழையைக் காட்டினால் பகை கொள்ளும் துறை எது என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

மேடை வித்தையும் மேலாதிக்கமும்

இந்தத் தந்திரக் காட்சிகளுக்கெல்லாம் மூத்த பிள்ளை, நம் புதுவையை ஆண்ட பிரெஞ்சு நாட்டிலே பிறந்தது. ஜார்ஜ் மெலியெஸ் என்ற மேடை வித்தைக்காரர், 1902-ல் சந்திரனுக்கே மனிதர்களை அனுப்பிப் படம் எடுத்தார். அவர் நடத்திய அரங்கின் பெயர், முன்னாள் வித்தைக்காரர் ராபேர் ஊதேனின் பெயர். ஹூடினி தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டதும் அவரைப் பின்பற்றியே.

அந்த ராபேர் ஊதேன் செய்த செயல் ஒன்றைப் புதுவைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். 1856-ல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பிற்று. எதற்கு? அந்நாட்டிலே அற்புதம் காட்டி மக்களைத் தம்பக்கம் வைத்திருந்த சமயத் தலைவர்களின் செல்வாக்கை உடைக்க. அவர்கள் அற்புதத்தைவிடப் பெரிய அற்புதம் பிரெஞ்சுக்காரனிடம் இருக்கிறது என்று காட்ட! காந்தத்தின் உதவியால், வலிமை மிக்க ஒருவனும் ஒரு சிறு பெட்டியைத் தூக்க முடியாதபடி செய்தார். ஒரு மூடநம்பிக்கையை உடைத்து, அதன் இடத்திலே அடிமைத்தனத்தை உட்கார வைப்பதே நோக்கம். தந்திரத்தின் சூத்திரத்தை மறைத்துவிட்டால், அது பூசாரியின் கையிலும் ஆயுதம். ஆள வந்தவன் கையிலும் ஆயுதம்.

பட்டாணியிலிருந்து பாம்பு வரை

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பால்கேயின் திறமையை மறுப்போர் அறிவிலிகள். 1912-ல், படத்தொழிலுக்குப் பணம் போட ஆள் தேடியபோது அவர் எடுத்துக் காட்டிய படம் எது தெரியுமா? தொட்டியிலே ஊன்றிய பட்டாணி விதை முளைத்துச் செடியாக வளரும் காட்சி! ஒரு மாதத்துக்கு மேலாக நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் எடுத்து, ஒரு நிமிடத்திலே செடி வளர்வதாகக் காட்டினார். 1915-ல், பிரெஞ்சுக் கலைஞர் எமில் கோலின் வழியிலே தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஆட வைத்துப் படம் எடுத்தார். ஓ’பிரையன் தம் முதல் பொம்மை விலங்குகளை நகர்த்திக்கொண்டிருந்த அதே ஆண்டு! 1917-ல், படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதையே ஒரு படமாக எடுத்துக் காட்டினார். கருவியையும் திறமையையும் பொறுத்தவரை, நம் நாட்டான் பின்தங்கி இருக்கவில்லை.

‘காளிய மர்த்தனம்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். கண்ணனாக நடித்தவர் பால்கேயின் மகள், சிறுமி மந்தாகினி. படம் தொடங்கியதும் கண்ணன் தோன்றவில்லை. முதலில் அந்தச் சிறுமியின் முகமே தோன்றுகிறது. சிரிப்பு, சினம், வியப்பு என்று அவள் முகபாவங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறாள். அதன் பின்னரே அவள் உரு, கண்ணன் வேடமாக மாறுகிறது. “இவள் நடிகை, இது நடிப்பு” என்று எடுத்தவரே முதலில் சொல்லிவிட்டார். இந்த நேர்மையை நாம் பாராட்டுகிறோம். மடுவிலே பாய்ந்து பாம்போடு பொருதும் காட்சியும், படம் விரித்த தலைமேல் நின்றாடும் காட்சியும் அக்காலக் கருவிகளைக் கொண்டு எடுத்தமைக்குச் சிறந்தவையே.

பின் நம் குறை என்ன? பட்டாணியிலே தொடங்கியவர் பாம்பிலே போய் முடிந்ததுதான் குறை. ஏசுவின் வாழ்க்கைப் படத்தைக் கண்ட நாளிலேயே, நம் கண்ணனையும் இராமனையும் இவ்வாறு காட்ட வேண்டும் என்று எண்ணியதாகப் பால்கேயே எழுதினார். எண்ணியபடி செய்தார். 1917-ல் ‘இலங்கா தகனம்’ வந்தது. திரையிலே இராமன் தோன்றியதும் மக்கள் விழுந்து வணங்கினார்கள் என்று திரைவரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். சென்னையிலே வசூலான சில்லறையை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றார்கள் என்றும் சொல்கின்றனர். இலங்கை எரிவதைக் காட்டிய படத்துக்குத் திராவிட நாட்டின் தலைநகரிலே மாட்டுவண்டி நிறையக் காசு! என்னே விந்தை!

இத்தனைக்கும், அந்தப் படத்திலே இராமனாக நடித்தவரும் சீதையாக நடித்தவரும் ஒரே ஆள். சாளுங்கே என்ற ஆண்மகன். கணவனும் மனைவியும் ஒருவரே என்பதைக் கண்ணால் கண்ட பின்னும் கைகள் குவிந்தன. சிறுமியின் முகத்தை முதலில் காட்டிய பின்னும் கண்ணன் கண்ணனாகவே வணங்கப்பட்டான். இதிலிருந்து பெறும் உண்மை என்ன? தந்திரத்தைத் திறந்து காட்டுவது மட்டும் போதாது. வணங்குவதற்கென்றே பழக்கப்பட்ட கண், திறந்து காட்டினாலும் பார்க்காது. ஆகவே படத்தைத் திருத்தும் வேலை பாதி. பார்க்கும் கண்ணைத் திருத்தும் வேலை மற்றொரு பாதி.

புராணக் கதையைப் படமாக்கவே கூடாது என்கிறோமா? இல்லை. கதையைக் கதையாகக் காட்டட்டும். எலும்பை வைத்து விலங்கைக் கட்டுவதும், நம்பிக்கையை வைத்துப் பாம்பைக் கட்டுவதும் ஒன்றாகா என்பதை மட்டும் மக்கள் உணரட்டும்.

தமிழ்நாட்டுத் திரையிலே

தமிழ்நாட்டுக்குத் திரைப்படம் வந்த வழியிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் நிற்கிறார். 1905-ல் திருச்சியிலே து பான் என்ற பிரெஞ்சுக்காரர் நோய்வாய்ப்பட்டு, தம் படக்கருவியை விற்றார். வாங்கியவர் இரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். காட்டியவற்றுள் முதன்மையானது ஏசுவின் வாழ்க்கை. பின், வேலூரைச் சேர்ந்த நடராச முதலியார் சென்னையிலே தொழிற்கூடம் அமைத்து, தென்னாட்டின் முதல் கதைப்படத்தை எடுத்தார். அதுவோ ‘கீசக வதம்’. மதம் மாறியது, முறை மாறவில்லை. அந்தப் படத்தின் ஒரு சுருள் கூட இன்று நம்மிடம் இல்லை. ‘மறைந்த உலகம்’ படமும் ஒரு காலத்தில் சிதைந்தது: 1929-ல் படிகளைத் திரும்பப் பெற்று அழித்தார்கள், குறுக்கிய படியே எஞ்சிற்று. ஆனால் அவர்கள் விடவில்லை. பல நாட்டுக் காப்பகங்களிலே தேடி, துண்டு துண்டாகச் சேர்த்து, 1998-லும், பின் 2016-ல் பாரிசு நகரத்து நிறுவனம் ஒன்றின் முயற்சியாலும் பெரும்பகுதியை மீட்டுவிட்டார்கள். பழம்பெருமை பேசுவதிலே நாம் சளைத்தவர்கள் அல்லர். பழையதைப் பாதுகாப்பதிலே மட்டும் சளைத்துவிட்டோம்.

பழங்கால விலங்கு தமிழ்நாட்டுப் படத்தொழிலை எட்டிப் பார்த்ததும் உண்டு. 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கருடன் கூடி ‘காடு’ என்ற படத்தை எடுத்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. பனிக்காலத்து மாமத யானைகள் இந்தியக் காட்டிலே உயிரோடு திரிவதாகக் கதை. மாமதத்துக்கு எங்கே போவது? நம் ஊர் யானைக்கே மயிர்ப் போர்வை போர்த்தி விட்டார்கள்! வெயில் நாட்டிலே கம்பளி சுமந்த அந்த யானைகளை எண்ணினால் இரக்கமே மிகுகிறது. ஓ’பிரையன் இம்மி இம்மியாக நகர்த்திய உழைப்பு எங்கே, போர்வை போர்த்திய சோம்பல் எங்கே! எனினும், அதே 1952-ல்தான் ‘பராசக்தி’யும் வந்தது. கோயில் சிலைக்குப் பின்னாலிருந்து எழுந்தது மனிதக் குரலே என்பதைத் திரையிலேயே காட்டிய படம் அது. மாடர்ன் தியேட்டர்சின் செலவெல்லாம் செய்யாத வேலையை, சிலைக்குப் பின்னால் நின்ற ஒரு மனிதன் செய்துவிட்டான். தந்திரத்தின் சூத்திரத்தை மக்களுக்குத் திறந்து காட்டுவதே கலையின் கடமை என்று நாம் சொல்வதற்கு இலக்கணமாக நிற்கும் காட்சி அது.

காலடியில் கிடக்கும் சான்று

எலும்பைத் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. புதுவையைச் சுற்றிய மண்ணே ஒரு காட்சிச்சாலை. இங்கும் விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களிலும் கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய கடலுயிர்ப் படிவங்களை 1846-லேயே எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து எழுதினார். இன்று நாம் நெல் விளைவிக்கும் நிலத்திலே அன்று கடல் அலை மோதிற்று என்பதற்குச் சான்று அவை.

பக்கத்திலே திருவக்கரை. சங்கராபரணி ஆற்றங்கரையிலே, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னெரா 1781-லேயே அவற்றைக் குறித்து வைத்தார். 1940-ல் நிலவியல் துறை அதைத் தேசியக் கல்மரப் பூங்காவாக ஆக்கிற்று. ஊரிலே வழங்கும் கதையோ வேறு. வக்கிராசுரன் என்ற அரக்கனைத் திருமால் கொன்றாராம். அவன் எலும்புகளே இக்கற்களாம்! மரத்தின் ஆண்டு வளையத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அதை அரக்கனின் எலும்பு என்று சொன்ன பேதைமையை என்னென்பது! இங்கும் அரக்கன்தான் சாகிறான். இங்கும் சாகடிப்பவர் திருமால்தான்.

அரியலூர்ப் பகுதிக்குப் போங்கள். அங்கே கிடைத்த படிவம் ஒன்றுக்கு, யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலார் 1979-ல் பெயரிட்டனர். என்ன பெயர்? ‘திராவிடோசாரஸ்’! ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய உயிருக்குத் திராவிட நாட்டின் பெயர்! கேட்டவுடன் மார்பு நிமிர்கிறது அல்லவா? சற்றே பொறுங்கள். 1996-ல் வேறு இரு அறிஞர்கள், அது டைனோசரே அன்று. கடலில் வாழ்ந்த பிளீசியோசார் என்னும் வேறோர் ஊர்வனவின் எலும்பு என்றார்கள். 2017-ல் அய்யாசாமியும் கால்டன் என்ற அறிஞரும், இல்லை, டைனோசரின் எலும்பும் அதிலே உண்டு என்று மறுத்தார்கள். 1987-ல் அதே இருவர், கல்லமேடு என்ற ஊரிலே கிடைத்த எலும்புகளுக்கு ‘புருகத்காயோசாரஸ்’, அதாவது பேருடல் பல்லி, என்று வடமொழிப் பெயர் சூட்டினார்கள். அதன் கணைக்கால் எலும்பின் நீளம் மட்டுமே இரண்டு மீட்டர் என்றார்கள். அந்த எலும்புகளோ பொடிந்து போயின. உலகிலேயே பெரிய விலங்கா, இல்லையா என்ற வழக்குக்குச் சான்றே கையில் இல்லை.

இங்கேதான், தோழர்களே, நம் பகுத்தறிவுக்குத் தேர்வு. பெயரிலே ‘திராவிடம்’ இருப்பதால் அது டைனோசர்தான் என்று சாதிப்போமாயின், கல்மரத்தை அரக்கன் எலும்பு என்பவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? வடமொழிப் பெயர் இருப்பதால் மற்றொன்றை மறுப்போமாயின், அதுவும் மடமையே. பெயர் நம்முடையதாயினும் பிறருடையதாயினும், சான்று சொல்வதே தீர்ப்பு. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்திலே உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. ஆராய்ந்தவர்கள், முட்டை அல்ல, கடற்படிவு உருண்டைகளே என்றார்கள். வியப்பு குறைந்தது, அறிவு கூடிற்று. அந்த வணிகத்திலே நட்டம் யாருக்கு?

செய்ய வேண்டியது

இன்று பொம்மையை நகர்த்தும் தேவையும் இல்லை. கணிப்பொறி, இல்லாத விலங்கையும் நடக்க வைக்கும். இறந்த தலைவரையும் பேச வைக்கும். நடவாத அற்புதத்தையும் நடந்ததாகக் காட்டும். கையடக்கப் பேசியிலே அவற்றைக் கண்டு கைகூப்புவோர் இன்றும் உளர். 1995 செப்டம்பரிலே பிள்ளையார் பால் குடித்தார் என்று படித்தவர்களும் பாற்கிண்ணத்தோடு வரிசையில் நின்ற நாடு இது. நீர்மத்தின் பரப்பு இழுவிசை செய்த வேலையை அறிவியலார் விளக்கிய பின்னும், வரிசை உடனே கலையவில்லை.

ஆகவே இளைஞர்களுக்கும் ஆசிரியத் தோழர்களுக்கும் நாம் சொல்வது இது. ‘மறைந்த உலகம்’ இன்று உரிமைத் தடை நீங்கிய படம். மன்றங்களிலும் பள்ளிகளிலும் திரையிடுங்கள். ‘காளிய மர்த்தன’த்தின் எஞ்சிய பகுதியையும் அதன் பக்கத்திலேயே திரையிடுங்கள், அந்தச் சிறுமியின் முகத்தை நிறுத்திக் காட்டுங்கள். கரி பூசிய சாம்போவையும் மறைக்காமல் காட்டி, அது ஏன் இழிவு என்று விளக்குங்கள். பிறகு ஒரு பொம்மையும் ஒரு கைபேசியும் கொடுத்து, மாணவர்களையே பதினாறு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நொடி இயக்கத்தைத் தன் கையால் ஆக்கிய சிறுவன், வாழ்நாள் முழுதும் அற்புதத்துக்கு அஞ்சமாட்டான். அடுத்த ஞாயிறன்று அவர்களைத் திருவக்கரைக்கு அழைத்துச் சென்று கல்மரத்தைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள்.

காளிங்கன் தலைமேல் யார் ஆடினார் என்று நம் பிள்ளைகள் ஒப்பிக்க வேண்டியதில்லை. அந்தத் தலையை எதனால் செய்தார்கள், யார் செய்தார்கள், எவ்வளவு கூலி பெற்றார்கள் என்று கேட்கட்டும். கேட்கக் கற்றுக்கொண்ட தலைமுறை எவன் காலிலும் விழாது.